அபிகோ மாமியார் சொன்ன இளவரசி கதை

ஜப்பானிய அரச குடும்பத்தில் பிறந்த பெண், அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால், அன்றோடு அவர் அரச குடும்பத்தில் இல்லை. 1947-இல் வந்த அரச இல்லச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இளவரசர்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்கள் வெளியிலிருந்து பெண் எடுத்தால் அந்தப் பெண் உள்ளே வந்துவிடுவார். 1959-இல் பட்டத்து இளவரசர் அகிஹிதோவைக் கைப்பிடித்த மிச்சிகோ அப்படி வந்தவர், ஒரு மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகள். அவருடைய ஒரே மகள் சாயகோ 2005-இல் கல்யாணம் முடித்து வெளியே போனார்.

ஜப்பானில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற, அல்லது கல்யாணம் முடித்து ஜப்பானுக்கு வரப் போகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு இளவரசி கதை எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் ஒரு கல்யாணம் காகிதத்தில் எப்படி நடக்கிறது, அதற்கு முன்னால் என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தவை இந்த இளவரசிகளின் கதைகள்தான். சொன்னவர் என் மாமியார்.

அவர் இருப்பது சிபா மாவட்டத்தில் அபிகோ என்ற ஊரில். டோக்கியோவில் சியோதா லைன் ரயில் ஏறி உட்கார்ந்தால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். ஊருக்குத் தெற்கே தேகா ஏரி. அந்தப் பக்கம்தான் யமாஷினா பறவையியல் ஆய்வகம், அதற்குப் பக்கத்திலேயே நகராட்சியின் பறவை அருங்காட்சியகம். சாயகோ 1992 முதல் கல்யாணம் வரை அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தார். ஆகவே என் மாமியாருக்கு அவர் அரசர் மகள் மட்டுமல்ல, ‘எங்கள் ஊரில் வேலை பார்த்தவர்’. என்ன பேச்சு எடுத்தாலும் கடைசியில் சாயகோ-சாமாவிடம் வந்து நிற்பார் (‘சாமா’ என்பது பெயரோடு சேர்க்கும் பெரிய மரியாதைச் சொல், ‘சான்’ என்பது சாதாரண மரியாதைச் சொல்).

சாயகோ பிறந்தது 1969-இல். ககுஷூயின் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்தவர், ஆனால் மனசு பறவைகளிடம் போய்விட்டது. மீன்கொத்திகளைப் பற்றி ஆய்வு செய்தார். அதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை, அரண்மனை வளாகத்திலேயே மீன்கொத்திகள் இருந்தன. மாப்பிள்ளை யோஷிகி குரோடா, டோக்கியோ பெருநகர அரசில் நகரத் திட்டமிடல் வேலையில் இருந்தவர். சாயகோவின் அண்ணன் அகிஷினோ இளவரசருக்குப் படிக்கும் காலத்து நண்பர். 2004 அக்டோபரில் நீகாதாவில் பெரிய நிலநடுக்கம், டிசம்பரில் அரச குடும்பத்து மூதாட்டி தகமட்சு இளவரசியின் மரணம் என்று அறிவிப்பு தள்ளிப்போய், வருஷக் கடைசியில் டிசம்பர் 30 அன்றுதான் செய்தி முறையாக வந்தது. 2005 நவம்பர் 15 அன்று டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலில் ஷிந்தோ முறைப்படி கல்யாணம். பெண்ணுக்கு 36 வயது, மாப்பிள்ளைக்கு 40. அப்போது பேரரசராகவும் பேரரசியாகவும் இருந்த அவருடைய பெற்றோர் அகிஹிதோவும் மிச்சிகோவும் விருந்துக்கு வந்தார்கள்.

அறிவிப்புக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த காலம்தான் என் மாமியாருக்குப் பிடித்த பகுதி. அந்த மாதங்களில் சாயகோ கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினார். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கிப் பழகினார். 36 வயதுப் பெண் காய்கறி வாங்கப் பழகுவதை அப்போது பத்திரிகைகள் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் எழுதின. மாமியாருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. “பேரரசர் மகளே கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் பழகினாரே, மீனா-சான், நீ குப்பை பிரிக்கப் பழகினால் குறைந்தா போய்விடுவாய்?” என்பார்.

குப்பையில் ஆரம்பித்தது அங்கே நிற்கவில்லை. எங்கள் கல்யாணம் முடிவானதிலிருந்து அவர் எனக்கு ஒரு பாடத்திட்டமே போட்டுவிட்டார். எந்தக் கிழமை எரியும் குப்பை, எந்தக் கிழமை பாட்டில், எதை எந்த நிறப் பையில் போடுவது. அக்கம்பக்கத்துச் சங்கத்தின் சுற்றறிக்கை வீட்டுக்கு வந்தால் பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் வைப்பது. தபால் பெட்டியில் வரும் உறைகளில் எதைப் பிரிக்காமல் தூக்கிப் போடலாம், எதைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடம் பொன் மாதிரி. நான் அப்போது வேலை மாறிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் குடியிருப்பு வரி என்று ஒன்று இருக்கிறது. அது போன வருஷ வருமானத்துக்கு இந்த வருஷம் கட்டுவது. வேலையில் இருக்கும்வரை சம்பளத்தில் பிடித்துவிடுவதால் கண்ணில் படாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால், கையில் சம்பளமே இல்லாத ஜூன் மாதத்தில், நன்றாகச் சம்பாதித்த வருஷத்துக்கான பில் வீட்டுக்கு வரும். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்கள் பலர் இந்த உறையைப் பார்த்துத்தான் அதிர்ந்துபோகிறார்கள். வேலையை விடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விடுங்கள். நான்கு தவணையாகக் கட்டலாம், ஆனால் கட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பெயர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஜப்பான் அரச குடும்பத்துக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாயகோவை ‘நோரி-நோ-மியா’ என்று அழைத்தார்கள், அது பட்டம். நாட்டு மக்கள் எல்லாரும் ‘கோசேகி’ என்ற குடும்பப் பதிவேட்டில் இருக்கிறார்கள். பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, தத்து, மரணம் எல்லாம் அதில்தான் ஏறும். அரச குடும்பத்தினர் அதில் இல்லை, அவர்களுக்குத் தனி வம்சாவளிப் பதிவேடு. ஓட்டுப் போடும் உரிமையும் கோசேகியோடு ஒட்டியது என்பதால் அவர்கள் ஓட்டும் போடுவதில்லை. சாயகோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குடும்பப் பெயரை அடைந்ததும், கோசேகியில் ஏறியதும், ஓட்டுரிமை பெற்றதும் எல்லாம் அந்தக் கல்யாணத்தால்தான்.

எங்கள் வீட்டிலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். ஜப்பானுக்கு வருவதற்காகப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்தது. டோக்கியோ அலுவலகத்தில் நான் ‘ஷான்முகாசுந்தராமு-சான்’ ஆனேன். யாராவது கூப்பிட்டால் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

வேடிக்கை இருக்கட்டும். இங்கே பாஸ்போர்ட்டில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் குடியிருப்பு அட்டையில் ஏறும். அதற்குமேல், வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்று பெரும்பாலும் நாமே சொல்கிறோம். முதல் நாள் வங்கியில் ஒரு மாதிரி, செல்போன் கடையில் இன்னொரு மாதிரி எழுதிவிட்டால், பிறகு வங்கிக் கணக்கிலிருந்து போன் பில் பிடிக்கச் சொல்லும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் பெயரைக் கதகானாவில் ஒரே விதமாக எழுதி ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கேட்டாலும் அதைப் பார்த்து எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் பெயரோடு இந்தச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறவர்களுக்கு இணையப் படிவங்களில் தொல்லை அதிகம். இரண்டு கட்டத்தையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும் என்று அடம்பிடிக்கும். ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டில் சரிசெய்துகொள்ள முடிந்தால் நல்லது.

கல்யாணத்தால் பெயர் மாறுமா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானியர் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் சட்டப்படி ஒரே குடும்பப் பெயர்தான் வைத்துக்கொள்ள முடியும். யாருடைய பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், 100-க்கு 95 வீட்டில் மாற்றிக்கொள்வது பெண்தான். இதை எதிர்த்துப் போன வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் விதி செல்லும் என்றே சொல்லிவிட்டது. வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டால் இந்தக் கட்டாயம் இல்லை, அவரவர் பெயர் அவரவருக்கு. ஜப்பானியத் துணை விரும்பினால் ஆறு மாதத்துக்குள் ஒரு படிவம் கொடுத்து நம் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். அப்படியானால் நானும் ‘ஷான்முகாசுந்தராமு’ ஆகிவிடட்டுமா என்று என் கணவர் கேட்டார். கையெழுத்துப் போடுவதற்குள் பேனா தீர்ந்துவிடும் என்று அவர் அம்மாதான் தடுத்தார்.

இன்னொன்று, நமக்குக் கோசேகி கிடையாது. ஜப்பானியத் துணையின் கோசேகியில் ‘இன்னாரை இந்தத் தேதியில் மணந்தார்’ என்று ஒரு குறிப்பாக மட்டும் நம் பெயர் இருக்கும். முதலில் இது என்னை உறுத்தியது. அரசர் வீட்டுப் பெண்ணாவது அந்தப் பக்கப் பதிவேட்டிலிருந்து இந்தப் பக்கப் பதிவேட்டுக்கு முழு ஆளாக மாறினார், நான் குறிப்பாகத்தான் இருக்கிறேன் என்று கணவரிடம் சொல்லிச் சண்டை போட்டேன். 2012-க்குப் பிறகு வெளிநாட்டவரும் குடியிருப்புப் பதிவில் சேர்க்கப்படுகிறார்கள், குடும்பத்தோடு ஒரே தாளில் நம் பெயரும் வரும். அன்றாட வேலைகளுக்கு அந்தத் தாள் போதும்.

எங்கள் காகித வேலை நடந்தது 2021 இலையுதிர் காலத்தில். அப்போது நாடே இன்னொரு இளவரசியின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தது. சாயகோவின் அண்ணன் மகள் மாகோ.

மாகோவும் கெய் கோமுரோவும் டோக்கியோவுக்குப் பக்கத்தில் மிதாகாவில் இருக்கும் சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தவர்கள். 2017 செப்டம்பரில் இருவரும் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து கல்யாணச் சேதியைச் சொன்னபோது ஊரே வாழ்த்தியது. கோமுரோவின் சிரிப்பு சூரியன் மாதிரி என்று மாகோ சொல்ல, மாகோ நிலா மாதிரி என்று கோமுரோ சொல்ல, நாள்கூடக் குறித்தாகிவிட்டது: 2018 நவம்பர் 4. ஆனால் 2017 கடைசிக்குள் வாரப் பத்திரிகைகளில் ஒரு பணப் பிரச்சினை வெளியானது. கோமுரோவின் அம்மாவுக்கும், முன்பு அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த ஒருவருக்கும் இடையில் சுமார் 40 லட்சம் யென். கொடுத்தவர் அது கடன் என்றார், மகன் தரப்பு அது அன்பளிப்பு என்றது. 2018 பிப்ரவரியில் கல்யாணம் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் கோமுரோ சட்டம் படிக்க நியூயார்க்குக்குப் போனார். 2021 ஏப்ரலில் 28 பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதி வெளியிட்டார். அதைப் படித்து முடித்தவர்களைவிடப் பக்க எண்ணிக்கையை வைத்துக் கிண்டல் செய்தவர்கள்தான் அதிகம். செப்டம்பர் கடைசியில் அவர் ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் எல்லாரும் பார்த்தது அவர் தலையில் கட்டியிருந்த குடுமியை. ஒரு வளர்ந்த மனிதனின் முடியை வைத்து ஒரு நாடு ஒரு வாரம் பேசியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பணம் கடனா அன்பளிப்பா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரு வீட்டுப் பணமும் மேசைமேல் வர வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஜப்பானில் பலர் படிப்புக்கு ‘உதவித்தொகை’ என்று வாங்குவது பெரும்பாலும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. என் கணவருக்கும் இருந்தது. எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு, எந்த வருஷம் முடியும், உத்தரவாதக் கையெழுத்து யாருடையது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். என் பக்கம் ஊரில் வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் நான் அனுப்புவதையும் சொன்னேன், கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்காது என்று சேர்த்தே சொன்னேன். என் சித்தப்பா ஒருவர் கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று ஒரு தொகை அனுப்பியபோது, இது திருப்பித் தர வேண்டியதா சித்தப்பா என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கேட்டேன். கொஞ்சம் கோபப்பட்டார். ஆனால் ‘உனக்குக் கொடுத்ததுதாம்மா’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

2021 அக்டோபர் 26, செவ்வாய்க்கிழமை. காலையில் அரச இல்ல முகமை அதிகாரி ஒருவர் மாகோ, கோமுரோ இருவரின் திருமணப் பதிவுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கல்யாணம் முடிந்தது. சடங்கு இல்லை, விருந்து இல்லை, அரண்மனையிலிருந்து விடைபெறும் சம்பிரதாயங்களும் இல்லை. மாகோ வீட்டு வாசலில் பெற்றோருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார், தங்கை காகோ அக்காவைக் கட்டிப்பிடித்தார். இப்படி வெளியே போகும் பெண்ணுக்கு அரசு ஒருமுறை தரும் தொகை உண்டு. சாயகோவுக்கு 15 கோடியே 25 லட்சம் யென் கொடுத்தார்கள். மாகோவுக்குச் சுமார் 14 கோடி வந்திருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது சும்மா கொடுக்கிற பரிசும் அல்ல. முன்னாள் இளவரசியின் பாதுகாப்புக்கும் கௌரவமான வாழ்க்கைக்கும் செலவு உண்டு. சாயகோவின் அத்தை தகாகோ 1960-இல் வங்கி ஊழியர் ஒருவரை மணந்து வெளியே வந்தார். மூன்று வருஷம் கழித்து, அவரைக் கடத்திப் பணம் பறிக்கத் திட்டம் போட்டவர்கள் பிடிபட்டார்கள். அந்த நாட்டில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயமல்ல.

எங்கள் கல்யாணமும் அப்படியே மேளம் இல்லாமல் நடந்தது. கோவிட் காலம், எல்லை மூடியிருந்தது, அம்மா அப்பா வர வழியில்லை. அம்மா நாள்கணக்கில் அழுதார். மாகோ செய்தியை ஊரில் ஏதோ சேனலில் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார்: “ராஜா வீட்டுப் பொண்ணே ஒரு தாளைக் குடுத்துட்டுப் போயிருச்சாமே! சரி, நீயும் குடுத்துட்டு வா. தாலியை அப்புறம் இங்க வந்து கட்டிக்கலாம்.”

அந்தத் தாளைப் பற்றிச் சில விவரங்கள். திருமணப் பதிவுப் படிவத்தில் வயது வந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியதில்லை. முத்திரை கட்டாயம் என்று பழைய குறிப்புகளில் படித்திருந்தால் அதை மறந்துவிடலாம், 2021 செப்டம்பரிலிருந்து விருப்பமிருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். வார்டு அலுவலகத்தில் இரவிலும் விடுமுறையிலும் இந்தத் தாளை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டவர் கல்யாணம் என்றால் வேலை நாளில் பகலிலேயே போங்கள். இந்தியத் தரப்பிலிருந்து, இவர் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியானவர் என்று காட்டும் ஆவணம், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் எல்லாம் கேட்பார்கள். வார்டுக்கு வார்டு கேட்பது கொஞ்சம் மாறும். என் பிறப்புச் சான்றில் என் பெயரே இல்லை, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஊரில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்று வாங்கி அனுப்பத் தம்பி அலைந்தான். எல்லாத் தாளுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும். காசு கொடுத்து நிபுணரைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, எங்களுடையதை என் கணவரே செய்தார். படிவத்தைக் கொடுப்பதற்குச் சில வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் குடும்பப் பதிவு கவுன்டரில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்த அன்று ஏற்புச் சான்று வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கோசேகியில் ஏறச் சில நாள் ஆகும், அதுவரை கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி அந்த ஒரு தாள்தான்.

ஊர்ப் பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் 1 அன்று, மாகோவுக்குச் சிக்கலான மன அதிர்ச்சிப் பாதிப்பு இருக்கிறது என்று அரண்மனையே அறிவித்தது. தன்னைப் பற்றியும் தான் மணக்கப் போகிறவரின் குடும்பத்தைப் பற்றியும் வருஷக்கணக்கில் வந்த தாக்குதல்தான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகாவது விட்டார்களா? அந்த நோயின் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறார் என்று அதற்கும் பேசினார்கள். கல்யாண நாள் செய்தியாளர் சந்திப்பு சுமார் பத்து நிமிஷம். இருவரும் எழுதி வைத்ததைப் படித்தார்கள். நேரில் கேள்வி கேட்க விடவில்லை, பதில்களை எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பொய்யை உண்மைபோல வைத்துக் கேட்கும் கேள்விகளை எதிர்கொள்ள அச்சமாக இருக்கிறது என்று மாகோ காரணம் சொன்னார். என் அலுவலகத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை, திமிர் என்றார்கள். எனக்கு அதுதான் அந்தக் கதையிலேயே நல்ல முடிவாகத் தெரிந்தது.

ஏனென்றால் என் வீட்டிலும் அதே சமயம் அளவு சிறிய அதே கதை ஓடிக்கொண்டிருந்தது. யார், எந்தச் சாதி, மாட்டுக்கறி சாப்பிடுவானா, சம்பளம் எவ்வளவு, உன்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வாய். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்குத் தூக்கம் போயிற்று. 28 பக்கம் எழுதினாலும் தீராது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்த பிறகு முறையை மாற்றினேன். இனிமேல் கேள்வி இருந்தால் என் அண்ணனிடம் கேளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அண்ணன் பொறுமைசாலி, ஒரே பதிலைக் குரல் மாறாமல் நூறு பேருக்குச் சொல்வான். என்னிடம் நேரில் பேசினால் உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சமைத்தாய் என்ற பேச்சு மட்டும்தான். அண்ணன் இல்லாதவர்கள் ஒரு அத்தையைப் பிடியுங்கள், தோழியைப் பிடியுங்கள். பேச்சைக் கையாள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கல்யாணப் பெண்ணாக இருக்கக் கூடாது. தூக்கம் போனால் மருத்துவரிடம் போவதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை. அரண்மனையே வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகு நமக்கென்ன.

என் மாமியாருக்கு மாகோ மேல் வருத்தம் உண்டு. கல்யாணம் செய்ததற்காக அல்ல, இவ்வளவு தூரம் போய்விட்டாரே என்று. நவம்பர் 14 அன்று இருவரும் நியூயார்க் புறப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, சாயகோ-சாமா இங்கேயேதான் இருந்தார் தெரியுமா என்றார். உண்மைதான். டோக்கியோவிலேயே அடுக்குமாடி வீட்டில் குடித்தனம். பின்னாளில் இசே பெருங்கோயிலின் தலைமைப் பூசாரிணிப் பொறுப்பு 2017-இல் அவருக்கு வந்தது, அதற்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவருடைய இன்னொரு அத்தை அத்சுகோ இகேதா. சட்டம் வெளியே அனுப்பிய பெண்களைத்தான் குலக்கோயில் வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இதில் இருக்கும் முரண் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இளவரசிகள் அரச குடும்பத்திலேயே இருக்கலாம் என்று 2021 டிசம்பரில் ஒரு நிபுணர் குழு யோசனை சொன்னது. எனக்குக் கேட்டால் அதை 1947-லேயே செய்திருக்கலாம்.

சாயகோவைப் பற்றி அவர் அம்மா மிச்சிகோ 2005-இல் ஒரு பிறந்தநாள் செய்தியில் எழுதியது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். தான் ஏதாவது தவறு செய்துவிட்டு வாடிப்போய் இருக்கும் நேரத்தில், மகள்தான் முதலில் பக்கத்தில் வந்து, பரவாயில்லை என்று நிதானமாக இழுத்துச் சொல்வாளாம். கல்யாணம் ஆன புதிதில் நான் மிசோ சூப்பைக் கொதிக்கவிட்டுக் கெடுத்தபோது மாமியார் அப்படியே சொல்லிக் காட்டினார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாமியாரோடு எனக்கு ஒத்துப்போகாது. சாயகோ கல்யாணத்தோடு அபிகோ ஆய்வக வேலையை விட்டுவிட்டார், அது மாமியாருக்கு அழகாகப் படுகிறது. எனக்கு அந்த மீன்கொத்தி ஆய்வு நின்றதில் வருத்தம்தான். பிறகு அவர் பறவை ஓவியங்களைப் பற்றிய ஆய்வில் இருந்தார் என்பது ஆறுதல். மாகோவும் டோக்கியோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஆய்வாளராக இருந்தவர், இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகத் துறையில் முதுகலை படித்தவர். கோமுரோ நியூயார்க் வழக்கறிஞர் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறையில் 2022-இல்தான் தேறினார். அந்த ஒரு வருஷம் அந்த வீட்டில் விசாவைப் பற்றி என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என்னால் நன்றாகவே ஊகிக்க முடியும். வெளிநாட்டில் ஒருவர் விசாவில் இன்னொருவர் நிற்கும் வீட்டில், ஒருவரின் தேர்வு முடிவு இருவருக்குமானது.

ஜப்பானில் வேலை விசாவில் இருப்பவர் ஜப்பானியரைக் கல்யாணம் செய்தால் உடனே துணைவர் தகுதிக்கு மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. மாறினால் எந்த வேலையும் பார்க்கலாம், நிரந்தர வசிப்புரிமைக்கும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம், கல்யாணமாகி மூன்று வருஷமும் அதில் ஜப்பானில் ஒரு வருஷமும் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் தகுதி கல்யாணத்தோடு கட்டியது. விவாகரத்தோ துணையின் மரணமோ நேர்ந்தால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான் கொஞ்ச காலம் என் வேலை விசாவிலேயே இருந்துவிட்டுத்தான் மாறினேன்.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய் பக்கம் கணவரின் வேலைக்காகக் கூட வரும் நம் பெண்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கிடைப்பது குடும்பத் தங்கல் என்ற விசாத் தகுதி, அதில் அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை பார்க்கலாம், எத்தனை இடத்தில் பார்த்தாலும் எல்லாம் சேர்த்து 28. பட்டம் இருந்து அதற்கேற்ற முழுநேர வேலை கிடைத்தால் தங்கல் தகுதியையே மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் சான்றிதழ்களின் மூலப்பிரதி வேண்டும். அவற்றை ஊரில் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். வேலைக்குப் போவோமா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் வந்த கையோடு அந்த 28 மணி நேர அனுமதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, அனுமதி கிடைத்தால் குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் முத்திரை குத்தித் தருவார்கள்.